கத்தோலிக்கப் பள்ளி என் பிள்ளைக்குச் சரிதானா?

(வானொலியில் ஒலித்த மறையுரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் சோறு வடித்துக்கொண்டே சிலர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தையல் எந்திரச் சத்தத்துக்கு நடுவே, பனியன் கம்பெனியின் சுவரில் தொங்கும் ரேடியோவில் சிலர் கேட்பீர்கள். இன்று நான் பேசப்போவது ஆண்டுதோறும் மே மாதம் நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு கேள்வியைப் பற்றி. பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. பிள்ளையை அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அதிலும் கத்தோலிக்கர்களாகிய நமக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. சாமியார்களோ சிஸ்டர்களோ நடத்தும் பள்ளிதான் சரியா? அங்கே இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாமா?

குன்னத்தூர் வட்டாரத்திலிருந்து ஒரு குடும்பம் ஒரு மாலை நேரத்தில் என்னைப் பார்க்க வந்தது. தந்தை பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். தாய் அதே கம்பெனியில் செக்கிங். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருந்தாள். பின்னால் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

தந்தைதான் முதலில் பேசினார். “சாமி, நாங்க ரெண்டு பேரும் பொழுதன்னிக்கும் மிஷினுலயே கெடக்கறோம். பாப்பா காமர்ஸ் குரூப் எடுத்து, கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு, கம்பெனி ஆபீஸ்ல உக்காரோணுங்க.”

தாய் குறுக்கிட்டார். “குரூப்பு எதுவா இருந்தாலுஞ் செரிங்க சாமி. சிஸ்டர் ஸ்கூல்ல ஆஸ்டல்ல விட்டுட்டா பத்திரமா இருப்பா. செபம், பூசைன்னு வளருவா. நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதும்.”

மகளைப் பார்த்தேன். “உனக்கு என்னம்மா ஆசை?” என்றேன். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். “எனக்கு வரலாறு படிக்கணும் ஃபாதர். அப்புறம் சட்டம் படிக்கணும்.” பக்கத்து வீட்டுக்காரர்களின் பி.எஃப். தாள், இ.எஸ்.ஐ. தாள் எல்லாம் இவள்தான் படித்துச் சொல்வாளாம். அதில் பிறந்த ஆசை.

ஒரே வீட்டில் மூன்று விருப்பங்கள். மூன்றுமே அன்பிலிருந்து வந்தவை. மூவரும் என்னைப் பார்த்தார்கள். “நீங்களே சொல்லிருங்க சாமி.”

அன்பர்களே, ஒரு குருவுக்கு அந்த இடத்தில் எளிதான பதில் ஒன்று உண்டு. “நம்ம ஸ்கூல்ல போடுங்க” என்று சொல்லிக் கடிதமும் எழுதிக் கொடுத்துவிடலாம். நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் இன்றைய மறையுரை.

லூக்கா நற்செய்தி பதினான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு சின்ன உவமை சொல்கிறார். கோபுரம் கட்ட விரும்பும் ஒருவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் போதிய பணம் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க மாட்டாரா என்று கேட்கிறார். அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் போனால் பார்ப்பவர்கள் எள்ளி நகையாடுவார்களே என்கிறார். இயேசு இதைச் சொன்னது சீடராவதைப் பற்றித்தான். ஆனால் அந்த உவமையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கணக்குப் பார்ப்பது நம்பிக்கையின்மை என்று ஆண்டவர் சொல்லவில்லை. உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பவரைத்தான் அறிவுள்ளவராகக் காட்டுகிறார். ஆகவே பிள்ளையின் படிப்பு என்று வரும்போது, “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி எழுந்துவிடக் கூடாது. செபித்துவிட்டு உட்கார வேண்டும். ஒரு தாளும் பேனாவும் எடுக்க வேண்டும்.

யார் உட்கார வேண்டும்? பெற்றோர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்களும் முதன்மையான ஆசிரியர்களும் பெற்றோரே என்று அது தெளிவாகக் கூறுகிறது. பள்ளியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்மையாகவே இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1983-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பங்குத்தந்தை வழி சொல்லலாம், விசாரித்துச் சொல்லலாம், கட்டணத்துக்குத் திண்டாடும்போது கை கொடுக்கலாம். ஆனால் உங்கள் இடத்தில் உட்கார்ந்து முடிவெடுக்க அவருக்கு உரிமை இல்லை.

அந்தக் குடும்பத்திடம் இதைச் சொல்லிவிட்டு, மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவற்றையே உங்களுக்கும் தருகிறேன்.

முதல் கேள்வி: இந்தப் பள்ளியில் என் பிள்ளை கேள்வி கேட்க முடியுமா?

பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு எருசலேமில் காணாமல்போன நிகழ்ச்சி நமக்குத் தெரியும். மூன்று நாள் கழித்துப் பெற்றோர் அவரை எங்கே கண்டார்கள்? கோவிலில், போதகர்கள் நடுவில். என்ன செய்துகொண்டிருந்தார்? அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டும், அவர்களிடம் கேள்விகள் எழுப்பிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். இறைமகனே கேள்வி கேட்டுப் படித்தார். அந்தப் பெரியவர்கள் “வாயை மூடு” என்று சொல்லாமல், வியந்து பதில் சொன்னார்கள். ஒரு நல்ல வகுப்பறையின் படம் வேண்டுமானால் அதுதான்.

மேலைநாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. இலத்தீன் மொழியில் ‘லிபர்’ என்றால் விடுதலை பெற்றவன், அடிமை அல்லாதவன் என்று பொருள். பண்டைய உலகில் அடிமைக்கு வேலை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். சுதந்திர மனிதனுக்கு இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழு கலைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். திருஅவை அந்த ஏழையும் எடுத்துக்கொண்டு தன் மடங்களிலும் பள்ளிகளிலும் வளர்த்தது. 1599-இல் இயேசு சபையார் தங்கள் பள்ளிகளுக்கு வகுத்த பாடத்திட்டமும் அந்த வழியில் வந்ததே. பிள்ளையின் கைக்கு மட்டும் தொழில் கொடுத்தால் போதாது, அவன் சிந்திக்கவும், தெளிவாகப் பேசவும், நல்லது கெட்டதைப் பிரித்தறியவும் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இதைச் சொன்னால், “சாமி, கை வேலையைக் கேவலமாச் சொல்றீங்களா?” என்று சிலருக்குத் தோன்றலாம். இல்லவே இல்லை. திருத்தூதர் பவுலைப் பாருங்கள். எருசலேமில் கமாலியேல் என்ற பெரும் ஆசானின் காலடியில் படித்தவர். அதே பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்யும் தொழில் செய்தார். நம் டெய்லர்களைப் போலக் கையால் உழைத்துச் சாப்பிட்டவர். படிப்பு அவரை வேலையிலிருந்து விரட்டவில்லை. வேலை அவரைச் சிந்திக்க விடாமல் தடுக்கவும் இல்லை. நம் பிள்ளைகளுக்கும் இரண்டும் வேண்டும்.

நம் ஊரில் பதினோராம் வகுப்பில் இது எப்படி நடக்கிறது? முதல் குரூப் அறிவாளிகளுக்கு, காமர்ஸ் நடுத்தரத்துக்கு, வரலாறும் அரசியல் அறிவியலும் சிறப்புத் தமிழும் மதிப்பெண் வராதவர்களுக்கு என்று நாமே ஒரு சாதி வரிசை போட்டு வைத்திருக்கிறோம். வரலாறு வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளையை, “ஏன், மார்க்கு குறைஞ்சு போச்சா?” என்று கேட்கிறோம். சில கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இந்த நோய் உண்டு. கலைப்பிரிவை மூடிவிட்டு, வாசலில் மதிப்பெண் பட்டியலும் படங்களும் போட்ட ஃபிளெக்ஸ் பேனரை மட்டும் வைத்திருந்தால், அந்தப் பள்ளியின் உச்சியில் சிலுவை இருந்தாலும் நாம் யோசிக்கத்தான் வேண்டும்.

அறிவியல் படிக்கும் பிள்ளைக்கும் இந்தப் பரந்த படிப்பு தேவை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இயேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு மாற்றிய தூய வளனார் கல்லூரியில் 1950-களின் தொடக்கத்தில் இராமேசுவரத்திலிருந்து ஓர் இசுலாமிய இளைஞர் வந்து சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். இயற்பியல் படித்த அவர், கடைசி ஆண்டில் ஆங்கில இலக்கியத்தில் ஈடுபாடு கொண்டு டால்ஸ்டாயையும் ஸ்காட்டையும் ஹார்டியையும் படித்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் யார்? திருவரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். விடுதியின் சைவ உணவுக் கூடத்துக்குக் கலாம் செயலராக இருந்தபோது, கல்லூரி அதிபரான குருவை ஞாயிறு விருந்துக்கு அழைத்ததையும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். அது கல்லூரி, நாம் பேசுவது மேல்நிலைப் பள்ளி. ஆனாலும் ஒரு கத்தோலிக்க நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த அறையே போதும். இயற்பியலோடு இலக்கியம். ஒரே அறையில் மூன்று சமயம்.

இது என்னை இரண்டாம் கேள்விக்குக் கொண்டுவருகிறது: இந்தப் பள்ளியில் என் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

நம் மண்ணில் கத்தோலிக்கப் பள்ளிகள் எப்படிப் பிறந்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1844-இல் புதுச்சேரியில் ஆயரும் மறைப்பணியாளர்களும் கூடிச் சங்கம் நடத்தினார்கள். உள்ளூர் குருக்களை உருவாக்குவதும் பள்ளிகளை ஏற்படுத்துவதும் அங்கே பேசப்பட்டன. பின்னாளில் நம் கோவைப் பகுதியின் முதல் ஆயரான மரியோன் பிரெசியாக் ஆண்டகையும் அதில் பங்கேற்ற இளம் குருக்களுள் ஒருவர். அதே 1844-இல் துப்புயி என்ற குரு, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்கென்றே நம் நாட்டுப் பெண்களைக் கொண்டு ஓர் அருட்சகோதரிகள் சபையைப் புதுச்சேரியில் தொடங்கினார். பெண் பிள்ளை எழுத்துப் படிப்பதே தேவையில்லாத வேலை என்று நினைத்த காலம் அது. யாரை ஊர் ஒதுக்கி வைத்ததோ அவர்களுக்காகக் கட்டப்பட்டதுதான் நம் பள்ளி. நான் முன்னே சொன்ன வத்திக்கான் சங்க அறிக்கையும், ஏழைகள் மீதும், குடும்ப ஆதரவு இல்லாதவர்கள் மீதும், நம் நம்பிக்கையைச் சேராதவர்கள் மீதும் கத்தோலிக்கப் பள்ளி தனி அக்கறை கொள்ள வேண்டும் என்று கேட்கிறது.

அப்படியே எல்லா இடத்திலும் நடக்கிறதா? மனம் வலித்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் பாமா ஏழைப் பிள்ளைகளுக்குப் பணி செய்யும் ஆசையோடு துறவற சபையில் சேர்ந்தவர். ஏழு ஆண்டுகள் கழித்து வெளியே வந்தார். கொடுத்த வார்த்தைப்பாட்டுக்கும் பள்ளியில் நடந்ததற்கும் இடையே இருந்த தூரத்தை, 1992-இல் வெளிவந்த ‘கருக்கு’ நூலில் ஒளிக்காமல் எழுதினார். அதைப் படித்துக் கோபப்பட்டவர்கள் உண்டு. குருக்களும் துறவியரும் அதைப் படித்து மனம் வருந்த வேண்டும் என்பது என் எண்ணம். பெற்றோராகிய உங்களுக்கு அதிலிருந்து ஒரு பாடம் உண்டு. சேர்க்கைக்குப் போகும்போது, ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளையை இங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். கட்டணம் கட்டாததற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்களா? சாதியைச் சொல்லியோ, அப்பா அம்மா செய்யும் வேலையைச் சொல்லியோ பேசுகிறார்களா? ஆங்கிலம் வராத பெற்றோரை அலுவலகத்தில் உட்காரச் சொல்கிறார்களா, நிற்க வைக்கிறார்களா? இவற்றைப் பார்த்தாலே அந்தப் பள்ளிக்குள் ஆண்டவர் இருக்கிறாரா என்பது பாதி புரிந்துவிடும்.

பிற சமயச் சகோதரர்கள் பலரும் இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள். “எங்க பிள்ளையைக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தால் செபத்துக்குக் கட்டாயப்படுத்துவார்களா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நம் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி என்று நம் பள்ளிகளில் பிரித்து நடத்துவது இதனால்தான்.

மூன்றாம் கேள்வி: இந்தப் பிள்ளைக்கு, இந்த வீட்டுக்கு, இது பொருந்துமா?

இங்கேதான் தாளும் பேனாவும் வேண்டும். முதலில், பள்ளி எந்த வகை என்று கேளுங்கள். அரசு உதவிபெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா? உதவிபெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. ஆனால் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம், அதற்குக் கட்டணம் வேறு. உங்கள் பிள்ளைக்குத் தரப்போவது எந்தப் பிரிவு என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபீஸ் மட்டும் கணக்கு அல்ல. சீருடை, ஆஸ்டல், பஸ், மாதம் ஒரு முறை பார்க்கப் போகும் செலவு, அன்றைக்கு விடுப்பு எடுத்தால் போகும் கூலி, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆர்டர் குறைந்து கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று வந்தால் எதைக் கட்டுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். பீஸ் ரேட்டில் வாழும் வீட்டுக்கு அந்தக் கணக்கு முக்கியம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு கணக்கும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2020-இல் கொண்டுவந்தது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு நம் பள்ளிக்கு மாறினால் அந்த வாய்ப்பு போய்விடும். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கியது. 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். கத்தோலிக்கப் பள்ளி வேண்டும் என்பதற்காக, இருக்கிற உரிமை எது, இழப்பது எது என்று பார்க்காமல் குதிக்கக் கூடாது. எல்லாம் தெரிந்து, “அது போனாலும் பரவாயில்லை, இது எங்கள் பிள்ளைக்கு வேண்டும்” என்று முடிவெடுத்தால், அது நல்ல முடிவுதான். ஒன்றும் தெரியாமல் எடுப்பதுதான் தவறு.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருவோம்.

தாளை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நால்வருமாக ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குப் போனார்கள். தலைமை ஆசிரியையான அருட்சகோதரி அவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பதில் சொன்னாராம். பள்ளியில் வரலாற்றுப் பிரிவு இருந்தது. நல்ல நூலகமும் இருந்தது. ஆஸ்டல் கட்டணத்தை ஒளிக்காமல் சொன்னார். மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள் என்று கேட்டதும், “அப்படின்னா அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தா உனக்கு ஒதுக்கீடு இருக்கும்மா, நல்லா யோசிச்சு வாங்க” என்று அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். தமக்கு ஒரு மாணவி குறைவாள் என்று தெரிந்தும் அந்தப் பிள்ளையின் நலனைப் பார்த்தாரே, அந்தச் சகோதரிக்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பள்ளி நிறைவான பதில் சொல்லிவிட்டது. மூன்றாம் கேள்வியில்தான் கணக்கு வேறு மாதிரி வந்தது.

இரவு வீட்டில் கணக்குப் பார்த்தார்கள். மகள் அரசுப் பள்ளியிலேயே, வரலாற்றுப் பிரிவில் தொடர்வது என்று முடிவாயிற்று. தந்தை தம் ஆபீஸ் கனவை விட்டுக்கொடுத்தார். “அவ படிக்கறதப் பாத்தா வக்கீலாயிருவான்னுதான் தோணுதுங்க சாமி” என்றார்.

ஆனால் தாய் அழுதார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, “சிஸ்டர் ஸ்கூல்ல சேக்க முடியாம போச்சுங்களே சாமி, பிள்ளைக்கு விசுவாசம் கொறஞ்சு போயிருமோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. திருஅவைச் சட்டம் 798-ஆம் எண் சொல்வது இதுதான்: பிள்ளைகளைக் கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் சேர்க்கப் பெற்றோர் முயல வேண்டும். முடியாவிட்டால், பள்ளிக்கு வெளியே அவர்களுக்கு அந்தக் கல்வி கிடைக்க வழி செய்ய வேண்டும். அந்த வழியை யார் செய்து கொடுப்பது? ஆறு நாள் பன்னிரண்டு மணி நேரம் கம்பெனியில் நிற்கும் தாய் தனியாக எப்படிச் செய்வார்? அது பங்கின் கடமை. என் கடமை. அரசுப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் புதுநன்மையும் உறுதிப்பூசுதலும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நாம் என்ன கொடுத்தோம்? எண்ணிப் பார்த்தேன், அதிகமில்லை. அந்த வாரமே மறைக்கல்வி அறையை மாலை நேரத்தில் படிக்கும் அறையாகத் திறந்துவிட்டோம். ஒரு மின்விசிறி, இரண்டு மேசை, அலமாரி நிறையப் புத்தகங்கள். எந்தச் சமயப் பிள்ளையும் வரலாம். மேல்வகுப்புப் பிள்ளைகள் நம்பிக்கையைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேள்வி கேட்க, சனிக்கிழமை ஒரு மணி நேரம். முதல் நாள் அந்த மகள்தான் முதல் கேள்வியைக் கேட்டாள். பதில் சொல்ல நான் வீட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது!

கதை இங்கே முடியவில்லை. வாசலில் நின்ற மகனைச் சொன்னேன் அல்லவா? அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பின் வரிசையிலேயே ஒளிந்துகொள்வான். அக்காவுக்காகப் போன அந்தப் பள்ளியில், ஓர் ஆசிரியர் அவனிடம் குனிந்து பெயரைக் கேட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாராம். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவன், “எனக்கு அந்த ஸ்கூலு” என்றான். மறு ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அவனை அங்கேதான் சேர்த்தார்கள், உதவிபெறும் பிரிவில். அவனுக்கு 7.5 விழுக்காடு கிடைக்காது என்பது பெற்றோருக்குத் தெரியும். “மொதல்ல அவன் வாயத் தொறக்கட்டுங்க சாமி” என்றார் தந்தை.

அதே வீடு, அதே பெற்றோர், அதே பள்ளி. ஒரு பிள்ளைக்கு அது பொருந்தவில்லை, இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தியது. இரண்டு முடிவும் சரி. இரண்டையும் அவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுத்தார்கள்.

அன்பர்களே, முடிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. எந்தப் பள்ளி என்று இழுத்தடித்துக்கொண்டே இருப்பதில் நம் ஊரில் ஓர் ஆபத்து இருக்கிறது. “லீவுல சும்மாதானே இருக்கான், ரெண்டு மாசம் கம்பெனிக்கு வரட்டும்” என்று அனுப்புகிறோம். முதல் வாரச் சம்பளம் கைக்கு வருகிறது. புது ஃபோன் வருகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளை கைமடி வேலையிலிருந்து ஓவர்லாக்குக்கு மாறியிருக்கிறான். பிறகு அவன் பள்ளிக்குத் திரும்புவதில்லை. பெண் பிள்ளைகளைச் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி நூல் மில்களுக்கு அழைத்துப்போன கதையையும் கொங்கு நாட்டில் நாம் பார்த்திருக்கிறோம். கத்தோலிக்கப் பள்ளியா, அரசுப் பள்ளியா என்பதில் இரண்டு நல்ல வழிகள் இருக்கலாம். பள்ளியே இல்லை என்பது வழி அல்ல. இடம் கிடைக்கவில்லை, பணம் இல்லை, சான்றிதழ் இல்லை, எதுவானாலும் பள்ளி திறக்கும் முன் பங்குத்தந்தையிடமோ அன்பியப் பொறுப்பாளரிடமோ வந்து சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் அருட்தந்தையருக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பனியன் கம்பெனித் தாய் ஒருவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு உங்கள் அலுவலக வாசலில் நிற்கும்போது, உங்கள் பள்ளி கத்தோலிக்கப் பள்ளிதானா என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தெரிந்துகொள்கிறார். தயவுசெய்து அவரை உட்காரச் சொல்லுங்கள்.

எருசலேமில் கேள்வி கேட்ட அந்தச் சிறுவன் அங்கேயே தங்கிவிடவில்லை. பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பினார், அவர்களுக்குப் பணிந்து நடந்தார், தச்சுப் பட்டறையில் வளர்ந்தார். ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராக வளர்ந்தார் என்று லூக்கா முடிக்கிறார். நம் பிள்ளைகளும் அப்படி வளர ஆசைப்படுவோம். அதற்கு எந்தக் கூரை உதவும் என்று, இன்றிரவு டிவியை அணைத்துவிட்டு, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணிப் பாருங்கள். முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள்.

செபிப்போம். அன்புத் தந்தையே, பிள்ளைகளை எங்களிடம் ஒப்படைத்தவர் நீரே. சூசையப்பருக்கும் அன்னை மரியாவுக்கும் தந்த பொறுமையை எங்களுக்கும் தாரும். எங்கள் ஆசைகளைப் பிள்ளைகள் மீது சுமத்தாமல், நீர் அவர்களுக்குள் வைத்ததைக் கண்டுகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்கள் பள்ளிகள் ஏழைகளின் வீடாக இருக்கட்டும். எங்கள் வீடுகள் உமது முதல் பள்ளியாக இருக்கட்டும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.